தகரச் சீட்டும் சுகாதார இலக்கமும்

நம் பாட்டன் பூட்டன்மார் கடல் தாண்டி இந்நாட்டிற்கு வந்தபோது அவர்கள் கழுத்தில் ஒரு தகரத் துண்டு தொங்கியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் தோட்டத் துரைமார் வகுத்த ஏற்பாடு அது. மாவட்டத்துக்கு ஓர் அடையாளம், தோட்டத்துக்கு ஓர் இலக்கம், ஆளுக்கு ஓர் இலக்கம் என்று அந்தத் தகரத்தில் பொறித்திருந்தார்கள். பெயர் அதில் இல்லை. பிறந்த ஊர் இல்லை. பெற்றவர் பெயரும் இல்லை. முகாமிலே நிறுத்திச் சோதித்தவர்களும், கப்பலிலே ஏற்றியவர்களும், இரயிலிலே அடைத்து மலைக்கு அனுப்பியவர்களும் முகத்தைப் பார்க்கவில்லை, தகரத்தைப் பார்த்தார்கள். இந்த ஆளுக்கான வழிச் செலவு எந்தத் தோட்டத்தின் கணக்கில் ஏறவேண்டும் என்பதை அத்தகரம் பிழையின்றிச் சொன்னது. அதைச் சுமந்தவன் யார், அவனுக்கு என்ன நோய், அவனுக்கு என்ன தேவை என்பதை அது சொல்லவில்லை. அதற்காக அது செய்யப்படவும் இல்லை.

இன்று நமக்கு இன்னோர் இலக்கம் வருகிறது. அரசாங்க வைத்தியசாலைகளில் கணினி வைத்து, நோயாளர் ஒவ்வொருவருக்கும் தனிநபர் சுகாதார இலக்கம் ஒன்று கொடுத்து, பிறப்பு முதல் இறப்பு வரை அவரது சுகாதார வரலாற்றை ஒரே ஏட்டில் தொகுக்க வேண்டும் என்பது அரசாங்கத்தின் கொள்கை. பல பெரிய வைத்தியசாலைகளில் இவ்வேலை நடந்து வருகிறது. இதனோடு, இந்திய அரசின் நிதியுதவியுடன் டிஜிட்டல் அடையாள அட்டைத் திட்டமும் முன்னெடுக்கப்படுகிறது. கொழும்பிலே மகாநாடுகள் கூடுகின்றன. திரைகளிலே வண்ண வண்ணமாய் வரைபடங்கள் விரிகின்றன.

மஸ்கெலியாவின் லயங்களில் வாழும் நாம் இதை எவ்வாறு நோக்குவது? எதிர்ப்பதா? வரவேற்பதா? நாம் தெளிவாகவே கூறுகிறோம்: வரவேற்கிறோம். ஆனால் வரவேற்பதற்கு முன் ஒரு கேள்வி கேட்கிறோம். இந்த இலக்கம் யாருக்குச் சொந்தம்? கழுத்தில் தொங்கிய தகரம் தோட்டத்துக்குச் சொந்தமாயிருந்தது. கையில் வரப்போகும் இலக்கம் தொழிலாளிக்குச் சொந்தமாகுமா? இக்கேள்விக்கு விடை கிடைக்காமல் எத்தனை கணினி இறக்கினாலும், மலையகத்தைப் பொறுத்தவரை அது பழைய தகரத்துக்குப் புதிய மெருகு பூசுவதாகவே முடியும்.

கருவியைக் குறைகூறோம்

இத்துறையில் இலங்கை பின்தங்கிய நாடன்று. இதை நாம் பெருமையோடு ஒப்புக்கொள்ள வேண்டும். 2020 ஜனவரியில் கொரோனா நோய் உலகின் வாசலில் நின்றபோது, வெளிநாட்டிலிருந்து வருவோரைப் பதிவு செய்து பின்தொடர்வதற்கான கணினி முறையொன்றை நமது நாட்டு மருத்துவத் தகவலியலாளர்கள் சில நாள்களில் உருவாக்கினார்கள். நோர்வேயின் ஒஸ்லோ பல்கலைக்கழகத்திலிருந்து உலகெங்கும் இலவசமாக வழங்கப்படும் ஒரு மென்பொருளை அடித்தளமாகக் கொண்டு அவர்கள் அதனைச் செய்தார்கள். பின்னர் பல நாடுகள் அம்முறையை எடுத்துக் கையாண்டன. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகம் வைத்தியர்களுக்குத் தகவலியல் கற்பித்து வருவதன் பயன் அது. வளம் குறைந்த நாடு, அறிவால் நிமிர்ந்த சந்தர்ப்பம் அது.

1990 என்ற இலக்கத்தை அறியாதார் இன்று யார்? 2016இல் மேல் மாகாணத்திலும் தென் மாகாணத்திலும் இந்திய உதவியோடு தொடங்கிய அவசர அம்புலன்ஸ் சேவை அது. அதனை ஏனைய மாகாணங்களுக்கும் விரிவுபடுத்துவோம் என்ற அறிவிப்பு, 2017 மே மாதம் நமக்கு அண்மையிலுள்ள நோர்வூட் மைதானத்தில், இந்தியப் பிரதமர் மோடி அவர்களின் வாயிலிருந்தே வந்தது. அதே பயணத்தில்தான் 150 படுக்கைகளைக் கொண்ட டிக்கோயா ஆதார வைத்தியசாலையின் புதிய கட்டடமும் திறக்கப்பட்டது. இன்று நாடெங்கும் அச்சேவை ஓடுகிறது. அழைப்பு ஓரிடத்தில் ஏற்கப்படுகிறது, அண்மையிலுள்ள வண்டி எது என்று திரை காட்டுகிறது, வண்டி புறப்படுகிறது. தகவல் தொழில்நுட்பம் என்பது வெறும் ஆடம்பரமென்று சொல்வோர், நள்ளிரவில் நெஞ்சு வலியால் துடித்த தந்தையை அந்த வண்டியில் ஏற்றிய மகனிடம் சென்று கேட்கட்டும்.

ஆகவே நம் வழக்கு கருவியின் மீதன்று. அந்தக் கருவி மலையேறி வரும்போது எதன்மேல் நிற்கப் போகிறது என்பதே நம் வழக்கு.

இரட்டை ஏடு

நாட்டின் ஏனைய மக்களுக்கு வைத்தியம் அரசாங்கத்தின் கடமை. தோட்டத் தொழிலாளிக்கோ அது நெடுங்காலம் துரையின் கணக்கில் எழுதப்பட்ட செலவு. 1872ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டமும், 1912ஆம் ஆண்டில் பிறந்த சட்டங்களும் தோட்டங்களுக்கென்று தனியான வைத்திய ஏற்பாட்டை வகுத்தன. அன்று அது முன்னேற்றமே. கோப்பிக் காடுகளில் கேட்பாரற்று மடிந்த மக்களுக்கு மருந்து என்ற ஒன்றாவது கிடைத்தது. ஆனால் அச்சட்டங்கள் தொழிலாளியின் உடலை நாட்டுச் சுகாதாரத்தின் ஒரு பகுதியாகக் கருதவில்லை. தோட்டத்தின் உழைப்புச் சக்தியாகவே கருதின. 1916இல் அமெரிக்க ரொக்பெல்லர் நிறுவனத்தார் இங்கு வந்து தோட்ட மக்களிடையே கொக்கிப் புழு நோயை எண்ணத் தொடங்கியபோதும், சோகை பிடித்த உடல் எத்தனை குறைவாக உழைக்கும் என்ற கணக்கில்தான் துரைமாருக்கு அக்கறை பிறந்தது.

அன்று பிரிந்த ஏடு இன்றுவரை ஒன்றாகவில்லை. 1975இல் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிருவாகம் கம்பெனிகளின் கைக்குச் சென்றது. 1990களிலிருந்து தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசாங்கம் பொறுப்பேற்கும் என்று பேசப்பட்டது; சில பொறுப்பேற்கப்பட்டன; வேலை பாதியில் நின்றது. இன்றும் பல தோட்டங்களில் முதல் மருந்து கொடுப்பவர் கம்பெனியின் சம்பளத்தில் வாழும் தோட்ட வைத்திய உதவியாளர். தடுப்பூசியும் தாய் சேய் நலமும் சுகாதார வைத்திய அதிகாரியின் பொறுப்பில் ஓர் ஏட்டில். காய்ச்சலும் காயமும் தோட்ட டிஸ்பென்சரியில் வேறோர் ஏட்டில். ஆதார வைத்தியசாலையில் படுத்தால் மூன்றாவது ஏடு. ஒரே உடலுக்கு மூன்று ஏடுகள். மூன்றும் ஒன்றையொன்று அறியா.

பிறப்பு, இறப்புப் பதிவிலும் இதே கதை. 1951ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டம் தோட்டத்தில் நிகழும் பிறப்பையும் இறப்பையும் அறிவிக்கும் பொறுப்பில் தோட்ட அத்தியட்சகருக்கென்று தனி இடம் வகுத்திருக்கிறது. கிராமத்தில் பிறந்த குழந்தை பெற்றோர் வாயிலாக அரசுக்கு அறிமுகமாயிற்று. தோட்டத்தில் பிறந்த குழந்தை துரையின் கையெழுத்தின் வாயிலாக அறிமுகமாயிற்று. 1948இல் பிரஜாவுரிமை பறிபோனபோது, தான் யார் மகன் என்பதற்கும் எங்கே பிறந்தான் என்பதற்கும் அத்தாட்சி தேடி நம் மக்கள் அலைந்த அலைச்சலை முதியோர் மறந்திருக்கமாட்டார்கள். காகிதம் இல்லாதவன் நாடற்றவனானான். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வந்து அவ்வழக்கை முடிக்கும்வரை ஐம்பத்தைந்து ஆண்டுகள் சென்றன. ஏட்டில் இடம் பெறாமையின் விலை என்ன என்பதை மலையகத் தமிழனுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

சதவீதம் தெரியும், குழந்தை தெரியாது

2016ஆம் ஆண்டு குடிசன மதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் நடத்திய சுகாதார ஆய்வு ஓர் உண்மையைச் சொல்லிற்று. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதோர் நாடு முழுவதிலும் 100க்கு 17 பேர். தோட்டப் பகுதியில் 100க்கு 32 பேர். ஏறக்குறைய இரட்டிப்பு! மூன்று குழந்தைகள் விளையாடும் இடத்தில் ஒரு குழந்தை, தன் எலும்பு வளரவேண்டிய அளவுக்கு வளராமல் நிற்கிறது.

இக்கணக்கு வெளியானபோது அறிக்கைகள் வந்தன, கருத்தரங்குகள் நடந்தன, பிறகு அமைதி. ஏன்? அந்த ஆய்வு ஒரு மாதிரிக் கணக்கு. குறிப்பிட்ட வீடுகளைத் தேர்ந்து கேட்டு, முழு நாட்டின் நிலையை அது மதிப்பிட்டது. சதவீதம் தெரிந்தது, குழந்தை தெரியவில்லை. எந்தத் தோட்டம், எந்தப் பிரிவு, எந்த லயம், எந்த வீடு? தெரியாது. எந்தப் பிள்ளைக்காம்பராவில் பால் போதவில்லை? எந்தப் பிரிவில் குடிநீர் கெட்டது? தெரியாது. தெரிந்தால் கேள்வி பிறக்கும். கேள்வி பிறந்தால் பொறுப்பு பிறக்கும்.

மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்தை அறிந்தோருக்கு ஒன்று தெரியும். பழைய மஸ்கெலியா நகரம் அந்த நீருக்கடியில் கிடக்கிறது. கடுங்கோடையில் நீர் வற்றினால் பழைய கோவிலின் கற்கள் தலைகாட்டும். மக்கள் திரண்டு வந்து பார்ப்பார்கள், கும்பிடுவார்கள், படமெடுப்பார்கள். மழை வந்ததும் மீண்டும் மூழ்கும். நம் மக்களின் சுகாதார நிலையும் அவ்வாறே தோன்றி மறைகிறது. பல ஆண்டுகளுக்கொருமுறை ஓர் ஆய்வு வருகிறது, துயரம் தலைகாட்டுகிறது, அடுத்த மழையில் மூழ்குகிறது.

சுகாதாரத் தகவல் தொழில்நுட்பம் செய்யக்கூடிய பெருந்தொண்டு இங்கேதான் இருக்கிறது. மாதந்தோறும் நிறுக்கப்படும் குழந்தையின் எடை அன்றே கணினியில் ஏறுமானால், இரண்டு மாதம் எடை ஏறாத குழந்தையின் பெயர் மூன்றாம் மாதம் அதிகாரியின் திரையில் வந்து நிற்கும். அவர் அறியவில்லை என்று சொல்ல முடியாது. அறிந்தும் செய்யவில்லை என்றால், எந்தத் திகதியில் அறிந்தார் என்பதற்கு அந்த ஏடே சாட்சி. வழக்கு மன்றத்தில் நின்று பழகியவன் என்ற முறையில் சொல்கிறோம்: எழுதப்பட்ட திகதியைப் போல் வலிய சாட்சி வேறில்லை.

மூன்று ஏட்டில் மூன்று பெயர்

சில ஆண்டுகளுக்கு முன் மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு பெண் தொழிலாளி நம்மிடம் வந்தார். கொழுந்து பறிக்கும்போது குளவிக் கூட்டம் கலைந்து கொட்டியது. மலையிலிருந்து தூக்கி வந்து டிஸ்பென்சரியில் ஊசி போட்டார்கள். அங்கிருந்து லொறியில் வைத்தியசாலைக்கு அனுப்பினார்கள். உயிர் தப்பியது, உடல் முன்போல் தேறவில்லை. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின்கீழ் நட்டஈடு கேட்க வேண்டும். வேலை நேரத்தில், வேலையின் காரணமாக நேர்ந்த விபத்து என்று நிறுவ வேண்டும்.

டிஸ்பென்சரி ஏட்டைக் கேட்டோம். அந்த மாதத்து ஏடு மழையில் நனைந்து போயிற்று என்றார்கள். வைத்தியசாலை அட்டையில் அவர் பெயர் ஒருவிதமாய் இருந்தது. அடையாள அட்டையில் வேறுவிதமாய் இருந்தது. பிறப்புச் சான்றிதழிலோ, தமிழறியாத எவரோ காதில் விழுந்தபடி எழுதிய மூன்றாவது பெயர். மூவரும் ஒருவரே என்று சத்தியக் கடதாசி முடித்தோம். ஒருமுறை போதவில்லை, இருமுறை முடித்தோம். ஒவ்வொரு தவணைக்கும் அவர் ஒரு நாள் சம்பளத்தை இழந்து, பஸ் ஏறி வந்தார். இறுதியில், கேட்டதில் ஒரு பகுதிக்குச் சமாதானமாகி, அதுவே போதும் என்று வீடு திரும்பினார். அவர் தோற்றது சட்டத்தினால் அன்று. சட்டம் அவர் பக்கமே இருந்தது. ஏடு அவர் பக்கம் இல்லை.

இதைக் கணினி தீர்க்குமா? சிந்தித்துப் பார்க்க வேண்டும். மூன்று பெயர் எழுதிய எழுத்தாளனின் இடத்தில் கணினியை வைத்தால், அது மூன்று ஆள்களை உண்டாக்கும். முத்துலெட்சுமி ஒருத்தி, முத்துலட்சுமி ஒருத்தி, முத்துலச்சுமி ஒருத்தி! மனித எழுத்தரிடம் மன்றாடலாம்; கணினியிடம் மன்றாட முடியாது. எனவேதான் தமிழ் இதில் அலங்காரப் பொருளன்று என்கிறோம். அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயம் தமிழை நிருவாக மொழியாக ஏற்றிருக்கிறது. 1999இல் வெளியான வர்த்தமானி, அம்பகமுவ உட்பட நுவரெலியா மாவட்டப் பிரிவுகளை இருமொழி நிருவாகப் பிரிவுகளாக்கிற்று. தொழிலாளியின் பெயர் தமிழ் எழுத்தில், அவர் சொல்லியபடி, அவர் கண்முன்னே பதிவாக வேண்டும். நோயின் பெயரை வைத்தியர் ஆங்கிலத்தில் எழுதட்டும். மருந்தை எந்த வேளைக்கு உண்ண வேண்டும் என்பது தமிழில் கைக்கு வரவேண்டும்.

முகவரியும் அவ்வாறே. 1990ஐ அழைக்கிறோம். எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்கிறார்கள். என்ன சொல்வது? மேற்பிரிவு, பத்தாம் லயம், ஐந்தாம் காம்பரா என்பது நமக்குத் தெரியும்; நாட்டின் முகவரி ஏட்டுக்குத் தெரியாது. பல தோட்டங்களில் நம் கடிதங்கள் இன்றும் தோட்டக் கந்தோருக்கு வந்து, அங்கிருந்து எவர் கையிலோ சேர்ந்து, எப்பொழுதோ வருகின்றன. நேர்முகப் பரீட்சைக் கடிதம் பரீட்சை முடிந்தபின் கிடைத்த இளைஞர் எத்தனை பேர்! வைத்தியசாலையின் தவணைக் கடிதமும் அதே பாதையில்தான் வரும். வீட்டுக்கு இலக்கம் இல்லாதவனுக்குச் சுகாதார இலக்கம் கொடுப்பது, கூரையில்லாத வீட்டுக்குக் கதவு போடுவது போன்றது.

மருந்தே இல்லை, கணினி எதற்கு?

இப்படிக் கேட்கும் நண்பர்கள் நம்மிடையே உண்டு. நியாயமான கேள்விதான். டிஸ்பென்சரியில் மாத்திரை தீர்ந்து கிடக்கிறது. பாதை குண்டும் குழியுமாய்க் கிடக்கிறது. கைபேசிச் சமிக்ஞை தேடி மேட்டுக்கு ஓட வேண்டியிருக்கிறது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தைச் சிதைத்தபோது மின்சாரமும் தொலைபேசியும் அற்றுப்போன நிலையைக் கண்டோம். இத்தகைய இடத்தில் கணினியை நம்பி ஏட்டை மூடலாமா என்கிறார்கள்.

மூடக்கூடாது. தாயின் கையிலே காகித அட்டை இருக்கவே வேண்டும். மின்சாரம் போனாலும் அழியாத சாட்சி அது. ஆனால் மருந்தா, கணினியா என்று இரண்டையும் எதிரெதிரே நிறுத்துவது தவறு. மாத்திரை எந்த நாளில் தீர்ந்தது, எத்தனை நாள் இல்லாதிருந்தது, எத்தனை பேர் வெறுங்கையோடு திரும்பினர் என்பது எழுதப்படாதவரை, இல்லை என்ற நம் குரல் வெறும் முறைப்பாடு. எழுதப்பட்டால் அது குற்றப்பத்திரிகை. மருந்து கேட்கும் போராட்டத்துக்கே கணக்கு தேவை.

தமிழ்நாட்டைப் பாருங்கள். அங்கே கருவுற்ற தாய்மாரைக் கிராமச் சுகாதாரச் செவிலியர் கணினியில் பதிவு செய்து, பிரசவம் வரை, குழந்தைக்குத் தடுப்பூசி முடியும் வரை பின்தொடரும் முறை 2008 முதல் வளர்ந்து வந்திருக்கிறது. 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டு செல்கிறார்கள். கொடுத்ததைப் பதிவும் செய்கிறார்கள். கவனியுங்கள்: அங்கே ஏட்டுக்கு முன்னால் ஓர் ஆள் நடக்கிறார். மாத்திரையைச் சுமந்து நடக்கும் அந்தப் பெண் இல்லாவிட்டால் கணினியில் ஏற்றுவதற்கு ஒன்றுமே இராது. மலையகத்துக்கு முதலில் வேண்டியது அத்தகைய ஆள். தமிழ் பேசும், அரசாங்கச் சம்பளம் பெறும், லயம் லயமாய் நடக்கும் குடும்பநல உத்தியோகத்தர்.

இன்னோர் அச்சம் இதைவிடப் பெரியது. ஏட்டைத் திறப்பவர் யார்? ஒரு பெண் கருவுற்றிருக்கிறாள் என்பதை, ஒருவருக்குக் காசநோய் என்பதை, ஒருவருக்கு முதுகெலும்பு தேய்ந்துவிட்டது என்பதைத் தோட்ட நிருவாகம் அறிந்தால் என்ன நடக்கும்? பேர் பதியும்போது யாரைச் சேர்ப்பது, யாரைக் கழிப்பது என்ற முடிவு அவர்கள் கையில் இருக்கிறதே! கம்பெனிச் சம்பளம் பெறும் உதவியாளரே கணினியில் எழுதுவாரானால், நோயாளியின் இரகசியம் எசமானின் மேசைக்குச் செல்லாது என்பதற்கு என்ன உத்தரவாதம்?

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சுகாதாரத் தரவைச் சிறப்புப் பாதுகாப்புக்குரியதாக வகைப்படுத்தியிருக்கிறது. நல்ல சட்டம். ஆனால் அதன் முக்கிய பிரிவுகள் நடைமுறைக்கு வருவது 2025இல் ஒத்திவைக்கப்பட்டது. உறையில் கிடக்கும் வாள் யாரைக் காக்கும்? அரசாங்கத்தின் காவலும் இரும்புக் காவலாக இல்லை. 2021இல் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகார சபையின் தரவுகள் அழிந்த செய்தி நாட்டை உலுக்கிற்று. 2023இல் அரசாங்கத்தின் மின்னஞ்சல் சேமிப்பகம் தாக்கப்பட்டு, அமைச்சரவை அலுவலகம் உட்பட்ட பல அலுவலகங்களின் மூன்று மாதத்துக்கு மேற்பட்ட மின்னஞ்சல்கள் மீட்க முடியாமல் போயின. தன் கடிதங்களையே காக்க முடியாத அரசாங்கம் நம் நோய்களைக் காப்போம் என்றால், எவ்வாறு என்று கேட்பது நம் உரிமை.

இந்தியாவில் 2017இல் உயர் நீதிமன்றங்களுக்கெல்லாம் மேலான உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள், அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று ஒருமனதாய்த் தீர்ப்பளித்தனர். எஸ்தோனியா என்ற சின்னஞ்சிறு நாட்டில் நோயாளி தன் ஏட்டைத் தானே திறந்து, அதனை எந்த வைத்தியர் எப்பொழுது பார்த்தார் என்பதைக் காண முடியும். இதுவன்றோ உடைமை! பார்ப்பவரைப் பார்க்கும் உரிமை கிடைத்தால்தான் ஏடு நமதாகும்.

நாம் கேட்பவை

ஆகவே அரசாங்கத்தின் முன் ஐந்து கோரிக்கைகளை வைக்கிறோம்.

முதலாவது, தோட்ட ஆஸ்பத்திரிகளையும் டிஸ்பென்சரிகளையும் பொறுப்பேற்கும் வேலையைத் திகதி குறித்து முடிக்க வேண்டும். இரண்டு நிருவாகங்களின்மேல் ஒரு கணினி நிற்காது.

இரண்டாவது, ஒவ்வொரு லய வீட்டுக்கும் தனி முகவரி வேண்டும். 2018இல் சட்டம் திருத்தப்படும் வரை தோட்ட மக்களுக்குச் சேவை செய்யத் தடையிருக்கிறது என்று பிரதேச சபைகள் கைவிரித்தன. அத்தடை நீங்கிவிட்டது, மஸ்கெலியாவுக்கென்று தனிப் பிரதேச சபையும் வந்துவிட்டது. வீட்டுக்கு இலக்கமிடப் பெரும் பணம் தேவையில்லை, மனம் தேவை.

மூன்றாவது, பதிவு தமிழில். பெயர்ப் பிழையைத் திருத்த இலவசமான, ஒரே நாளில் முடியும் வழி.

நான்காவது, தோட்ட நிருவாகம் எந்தத் தனி மனிதரின் சுகாதார ஏட்டையும் பார்க்கலாகாது என்ற வெளிப்படையான விதி, மீறினால் தண்டனை, தரவுப் பாதுகாப்புச் சட்டம் முழு அளவில் நடைமுறை.

ஐந்தாவது, தோட்டம் தோட்டமாகக் கணக்கு வெளியிடப்பட வேண்டும். ஆளின் பெயர் இரகசியம். தோட்டத்தின் நிலை பகிரங்கம். எந்தத் தோட்டத்தில் எத்தனை குழந்தைகள் எடை குன்றியிருக்கின்றன என்பது மூன்று மாதத்துக்கொருமுறை பிரதேச சபையின் பலகையில் ஒட்டப்படட்டும்.

இவற்றை யாரிடம் கேட்பது என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. சுகாதாரத்தின் ஒரு பகுதி மாகாணத்தின் கையில். மத்திய மாகாண சபையின் ஆயுள் 2018இல் முடிந்த பின்னர் ஆண்டுகள் பல தேர்தலின்றிக் கழிந்தன. கொழும்பைக் கேட்டால் கண்டியைக் காட்டுகிறார்கள். கண்டியைக் கேட்டால் கொழும்பைக் காட்டுகிறார்கள். தோட்டக் கந்தோரோ இரண்டையும் காட்டுகிறது. இந்தச் சுற்றுப்பாதையை நாமே வெட்ட வேண்டும்.

அதற்குரிய கத்தி நம் கையில் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், எந்தக் குடிமகனும் அரசாங்க அலுவலகத்திடம் எழுத்தில் கேட்கலாம் என்கிறது. ஒவ்வொரு தோட்டத்திலும் படித்த இளைஞர் இருவர் முன்வரட்டும். எங்கள் பிரிவில் குடும்பநல உத்தியோகத்தர் எத்தனை? காலியிடம் எத்தனை? எடை குன்றிய குழந்தைகள் எத்தனை? டிஸ்பென்சரியை எப்பொழுது பொறுப்பேற்பீர்கள்? நான்கு கேள்விகள் போதும், தமிழிலேயே எழுதுங்கள். தொழிற்சங்கத் தலைவர்களுக்கும் ஒரு வார்த்தை. சம்பளப் பேச்சில் மேசையைத் தட்டும் கைகள் இதற்கும் ஒருமுறை தட்டட்டும். உழைக்கும் உடல் நலிந்தபின் உயர்ந்த சம்பளத்தை யார் வாங்குவது?

தாய்மாருக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் குழந்தையின் அட்டையைப் பெட்டியின் அடியில் போட்டு வைக்காதீர்கள். நிறுத்த எடை எழுதப்பட்டதா என்று கேளுங்கள். பெயர் சரியா என்று படிக்கத் தெரிந்த மகளிடம் காட்டிப் பாருங்கள். அந்த அட்டை ஒரு நாள் கணினிக்குள் போகும். அதில் உள்ள பிழையும் அதனோடு போகும்.

2023இல் மலையகம் இருநூறு ஆண்டுகளை நினைவுகூர்ந்தது. தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை, முன்னோர் நடந்த பாதையில் அவர்களின் சந்ததியார் நடந்தனர். அன்று நடந்தவர்களுக்குத் தோட்டத்தின் ஏட்டைத் தவிர வேறு ஏடில்லை. இருநூறு ஆண்டுகளுக்குப் பின் நடந்தவர்கள் வாக்குரிமை பெற்ற குடிமக்கள். அந்த வேறுபாடு சுகாதார ஏட்டிலும் தெரிய வேண்டும்.

இலக்கத்துக்கு நாம் அஞ்சவில்லை. இருநூறு ஆண்டுகளாக எண்ணப்பட்டு வந்தவர்கள் நாம். பிரட்டுக்களத்தில் எண்ணினார்கள், செக்ரோலில் எண்ணினார்கள், மடுவத்தில் கொழுந்தை நிறுத்து எண்ணினார்கள், கப்பலேற்றும்போது கழுத்துத் தகரத்தைப் பார்த்து எண்ணினார்கள். எல்லாம் பிறருக்காக எண்ணிய எண்ணிக்கை. இப்பொழுது ஒரே ஒருமுறை நமக்காக எண்ணுங்கள் என்கிறோம். எண்ணிய பிறகு, அந்த ஏட்டை எங்கள் கையிலே கொடுங்கள் என்கிறோம்.